ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் பாகம் அனுப்பியவர் பணம் வாங்க மறுக்கிறார், என்ன செய்வது?

ஈரோட்டுஹெரால்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா வாங்கிய 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 வண்டியை மறுபடி ஓடவைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். நான்கு கதவு, 948 சிசி, நெடுங்காலம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற வண்டி. எஞ்சின் சீஸ் ஆகவில்லை, சேசிஸும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. முன்பக்கம்தான் மோசம். இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ட்ரனியன் என்ற அடிப்பிடிக்குள் திருகி நிற்கும், சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க் தண்டின் அடிமுனையில் மரையைத் துரு தின்றுவிட்டிருக்கிறது. அப்படியே ரோட்டில் எடுத்தால் ஏதாவது ஒரு திருப்பத்தில் அது முறிந்து சக்கரம் மடிந்துவிடும் என்று மெக்கானிக் சொன்னார்.

ஒரு வாட்ஸப் குழுவில் படம் போட்டு, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அன்று மாலையே சென்னையிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். முன்பின் தெரியாதவர். யார் வாங்கிய வண்டி, எந்த வருடம் நிறுத்தினீர்கள், ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு நிறுத்தினீர்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில் "ரெண்டு பக்கத்துக்கும் அனுப்புறேன், ஒரு பக்கம் மட்டும் மாத்தாதே" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வாரமே ஆம்னி பஸ்ஸில் பார்சல் வந்தது. கோணித் துண்டில் சுற்றி இரண்டு வெர்ட்டிகல் லிங்க், இரண்டு ட்ரனியன். இடது பக்கத்துக்கு இடது மரை, வலது பக்கத்துக்கு வலது மரை என்பதால் மாறிவிடக் கூடாதே என்று இடது பக்கத்துச் சாமான்களில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார். கூடவே ஒரு தாளில் கையெழுத்தில், "கிரீஸ் அடிக்காதே. இ.பி. 90 கியர் ஆயில் மட்டும்." கிரீஸ் கன்னில் எப்படி ஆயில் நிரப்பி அடிப்பது என்று கீழே படமும் வரைந்திருந்தார்.

எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். பார்சல் கூலியைக்கூட அவரே கட்டியிருக்கிறார். இதற்கிடையில் பெங்களூரில் ஒருவர் பின்கதவின் கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷின் ஒன்று உபரியாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்கிறார், அவரும் காசு பேசவில்லை. மதுரையில் ஒருவர் ராத்திரி வீடியோ காலில் உட்கார்ந்து வயரிங் முழுவதையும் நிறம் நிறமாகச் சொல்லித் தந்தார். எனக்கு நன்றியைவிடச் சங்கடம்தான் அதிகமாக இருக்கிறது. இப்படி வாங்கிக்கொண்டே போவது சரியா? பதிலுக்கு என்ன செய்வது உங்களுக்குள் வழக்கம்?

இன்னும் இரண்டு சந்தேகம். பின்சக்கர ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அசைய மறுக்கிறது, எப்படிக் கழற்றுவது? பின்கதவைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் எங்கே கிடைக்கும்?

———

தாம்பரம்948 எழுதியது:

தம்பி, வாங்கிக்கொள்ளுங்கள். பாகத்தோடு கை வலிக்க எழுதியும் படம் போட்டும் அனுப்பியிருக்கிறார் என்றால், அந்த வண்டி ரோட்டுக்கு வரவேண்டும் என்ற ஆசை உங்களைவிட அவருக்கு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு வண்டியின் கதையிலேயே பதில் இருக்கிறது. அம்பாசடர் 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது, அதனால் அதன் சாமான்களுக்கு இன்னமும் கடை உண்டு, வைத்திருப்பவர் யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஹெரால்டு அப்படி இல்லை. 1961-இல் இங்கே வந்த வண்டி, நம்ம பெருங்களத்தூர் ஃபேக்டரியில் செய்தது. மார்க் 2, பிறகு 1968-இல் நான்கு கதவோடு மார்க் 3, 1972-இல் கேஸல். அப்புறம் 1985-இல் ரோவர் எஸ்டி1 உடம்பில் பழைய வேன்கார்டு எஞ்சினைப் போட்டு ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அது விற்கவில்லை, 1988-இல் ஃபேக்டரியே மூடிவிட்டது. அதன்பிறகு கம்பெனி ஸ்டாக் என்று ஒன்று கிடையாது. யார் வீட்டுப் பரணில், யார் கொட்டகையில் என்ன இருக்கிறதோ அதுதான் ஸ்டாக்.

இதிலும் ஒரு பிரிவு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் யாரிடம் எதைக் கேட்பது என்று புரியும். எஞ்சின், முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டோடு ஒட்டியவை. அதே ட்ரனியன் வகையறாதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் இருக்கிறது, அந்த வண்டி 1980 வரை தயாரானது, அங்கே இன்றைக்கும் வைத்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். 1977-இல் ஆரம்பித்த ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இந்தக் குடும்பத்து வண்டிகளுக்காகவே இருக்கிறது. ஆக, செலவு ஆகும், ஆனால் கிடைக்கும். கிடைக்காதது எது என்றால் உங்கள் பின்கதவு. இங்கிலாந்தில் ஹெரால்டு கார் இரண்டு கதவோடுதான் வந்தது, நான்கு கதவு இந்தியாவுக்கென்றே செய்தது. பின்கதவின் கண்ணாடி, மெஷின், ரப்பர் எதுவும் அங்கே கேட்டால் அவர்களுக்கே தெரியாது. பெங்களூர்க்காரர் கையில் இருக்கும் அந்த மெஷினுக்கு அவர் என்ன விலை சொன்னாலும் வேறு வழியில்லாமல் நீங்கள் கொடுத்திருப்பீர்கள். அது தெரிந்தும் வந்து எடுத்துக்கொள் என்கிறாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

எதிர்த்திசையிலும் சாமான் போயிருக்கிறது. பெருங்களத்தூரில் பயன்படுத்தாமலே கிடந்த எஸ்டி1 பாகங்களை 2006-இல் இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பாக வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். அது வியாபாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே எஸ்டி1 வைத்திருக்கும் ஒருவர் நம்ம ஊரில் கிடந்த பாகத்தால் தன் வண்டியைக் காப்பாற்றியிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பதிலுக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். ட்ரனியனை மாட்டி முடித்ததும் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ஸ்டார்ட் செய்யும் அன்று போன் போட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்கவிடுங்கள், டேப்பெட் சத்தத்தை வைத்தே ஏதாவது சொல்வார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை வந்தால் அவர் வீட்டுக்குப் போய் அவர் வண்டியைப் பாருங்கள். அவர் வயதில் கூடவே உட்கார்ந்து இதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது சாதாரணம் இல்லை.

———

கோவைப்பட்டறை எழுதியது:

ஹப் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றது அண்ணன் சொன்னதே போதும்.

தயவுசெய்து ஹப்பையோ ஷாஃப்டையோ சுத்தியலால் அடிக்காதீர்கள். இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லரும் வேண்டாம். ஹெரால்டு பின் ஹப், ஷாஃப்டின் டேப்பரில் (கூம்பாகக் குறுகும் முனையில்) கீ போட்டு இறுக்கியிருப்பது. இத்தனை வருடம் கழித்து அது ஷாஃப்டோடு ஒன்றாகப் பிடித்துப்போயிருக்கும். மூன்று கால் புல்லரை ஓரத்தில் மாட்டி இழுத்தால் டேப்பர் விடாது, ஹப்பின் ஃபிளாஞ்சுதான் (விளிம்புத் தட்டு) வளையும். வளைந்த ஹப்பில் டிரம் கோணலாகச் சுற்றும், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் காலில் துடிக்கும். ஷாஃப்ட் முனையில் அடித்தாலோ மரை நசுங்கும், உள்ளே யுனிவர்சல் ஜாயின்ட்டும் அடி வாங்கும். நல்ல ஹப் ஒன்று கெட்டால் இன்னொன்று தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கென்றே இங்கிலாந்தில் சர்ச்சில் என்ற பெயரில் ஒரு ஸ்பெஷல் டூல் இருந்தது. அதில் ஒன்று இங்கே ஒரு பழைய ஹெரால்டு ஓனரிடம் இருந்தது, அவர் அதை எங்கள் பட்டறையில் கொடுத்து, "அளவெடுத்துக்கோ, இதே மாதிரி பண்ணு, யார் கேட்டாலும் கொடு" என்றார். அப்படிச் செய்ததுதான் இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் புல்லர். தடித்த பிளேட், அது நான்கு வீல் ஸ்டட்டிலும் உட்காரும், நடு போல்ட் இ.என். 24 ஸ்டீலில் ஃபைன் மரை போட்டு ஹார்டன் செய்தது. இழுவை ஃபிளாஞ்ச் முழுவதும் சமமாக விழும், வளைய இடமில்லை.

செய்முறை இதுதான். ஹப் நட்டைக் கழற்றி, திருப்பிப் போட்டு, ஷாஃப்ட் முனையோடு சமமாக வரும்வரை ஏற்றி வையுங்கள். மரைக்கும் பாதுகாப்பு, ஹப் திடீரென்று விட்டால் பறந்து காலில் விழாமலும் தடுக்கும். புல்லரை மாட்டி நடு போல்ட்டை நீளமான ராடு போட்டு இறுக்குங்கள். இறுக்கியபிறகு போல்ட் தலையில் ஒரு கனமான சுத்தியலால் ஒரே அடி, மறுபடி கொஞ்சம் இறுக்கம். வராவிட்டால் அப்படியே டென்ஷனில் விட்டுவிட்டுப் போய்த் தூங்குங்கள். பல வண்டிகளில் ராத்திரியில் தானாகவே விட்டிருக்கிறது, வெடி போட்டதுபோல் சத்தம் வரும், வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம் ஒன்று, இந்த வண்டியில் எல்லாம் இன்ச் ஸ்பேனர்தான், மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து நட்டின் முனைகளை மழுக்கிவிடாதீர்கள்.

புல்லர் இப்போது சேலத்தில் ஒருவரிடம் இருக்கிறது. வாடகை கிடையாது. வேலை முடிந்ததும் துடைத்து, நடு போல்ட்டில் கிரீஸ் தடவி, அடுத்துக் கேட்பவருக்கு பஸ் பார்சலில் போட வேண்டும், அனுப்பும் கூலி அனுப்புகிறவருடையது. பெட்டிக்குள் ஒரு நோட்டு இருக்கும், எந்த வண்டிக்குப் பயன்பட்டது, எவ்வளவு அடம் பிடித்தது, எப்படி விட்டது என்று ஒவ்வொருவரும் எழுதியிருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள், நான் சொன்னதைவிட அதில் விஷயம் அதிகம்.

———

மலைக்கோட்டை எழுதியது:

எல்லோரும் நல்ல பக்கத்தைச் சொன்னீர்கள், நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கிறது, தம்பி தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் பக்கத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், இதேபோல் கேட்டுக் கேட்டு நாலைந்து பேரிடம் பாகம் வாங்கினார். நானும் ஒரு கார்புரேட்டர் கொடுத்தேன், சோலெக்ஸ், ஜெட் எல்லாம் சுத்தம் செய்து உடனே மாட்டுகிற மாதிரி இருந்தது. வண்டி ரெடியானதும் நல்ல விலைக்கு விற்றுவிட்டார். விற்றது கூடத் தவறில்லை, மீதியிருந்த பாகங்களையும் தனித்தனியாக விற்றார், அதில் இனாமாக வாங்கியதும் இருந்தது. அதற்குப் பிறகு எங்களில் இரண்டு பேர் யார் கேட்டாலும் "இல்லை" என்றே சொல்லிவிடுகிறார்கள். அதனால் நஷ்டம் யாருக்கு? அடுத்து வந்து கேட்கிற உங்களைப் போன்ற பையன்களுக்கு. ஆகவே என் கணக்கில் வழக்கம் இது: பயன்படாத பாகத்தைக் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடு, அல்லது அவரைக் கேட்டு அடுத்தவருக்குக் கொடு. இனாமாக வந்ததற்கு விலை போடாதே.

இரண்டாவது, இந்தத் தாராளம் எல்லாம் உயிரோடு வண்டி வைத்து ஓட்டுகிறவர்களுக்குள்தான். ஓனர் காலமாகிவிட்டால், அவர் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ போய் "இதெல்லாம் பழைய இரும்பு, நானே எடுத்துப்போகிறேன்" என்று நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்குப் பழைய கார் பிரியர் என்ற பெயர் பொருந்தாது. அந்தக் குடும்பத்துக்கு எது என்ன விலை பெறும் என்று தெரியாது, நமக்குத் தெரியும், தெரிந்தவன் சரியான விலையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். அவர் இருந்தபோது நமக்கு எத்தனை சாமான் சும்மா கொடுத்தார் என்பதையும் அந்த வீட்டில் சொல்ல வேண்டும், அவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

மூன்றாவது, மெக்கானிக். ஹெரால்டு தெரிந்த பழைய மெக்கானிக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். ஓனர் இனாமாகச் சொல்லித்தருவது அவருடைய ஆசை, மெக்கானிக்குக்கு இது சோறு. டிங்கர் வேலைக்காரர், பட்டி பார்த்து பெயிண்ட் அடிப்பவர், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். போனில் யோசனை கேட்டால்கூட ஒருநாள் நேரில் போய் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். ட்ரனியனுக்குக் கொடுக்க முடியாத பணத்தை அங்கே கொடுத்தால் சரியாகப் போய்ச் சேரும்.

இவ்வளவு சொன்னாலும், என்னிடம் மார்க் 3 டெயில் லாம்ப் கண்ணாடி ஒரு ஜோடி இருக்கிறது. உங்களுடையது உடைந்திருந்தால் சொல்லுங்கள்.

———

புதுவைகேஸல் எழுதியது:

மலைக்கோட்டை சார் சொன்ன இரண்டாவது விஷயத்தைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அப்பா போனபிறகு எங்கள் கேஸலைக் கேட்டு வீட்டு வாசலில் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மா அநேகமாகக் கொடுத்துவிடும் நிலையில் இருந்தார். அப்பாவின் நண்பர்கள் இரண்டு பேர், இருவரும் ஹெரால்டு வைத்திருப்பவர்கள், நினைத்திருந்தால் அவர்களே வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. "விற்கணும்னா நல்ல விலைக்கு நாங்களே ஆள் பார்க்கிறோம், ஆனா மொதல்ல நீ ஒருதரம் ஓட்டிப் பாரும்மா" என்றார்கள். பேட்டரி மாற்றி, டேங்கைக் கழுவி, பிரேக் வீல் சிலிண்டர் கிட் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வந்து எனக்குச் சொல்லித் தந்தார்கள். பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் ஹெரால்டில் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம் என்று தங்கள் வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவார்கள், இரண்டு வண்டியையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். (கேஸலுக்குப் பின் ஆக்சிலே வேறு, அதனால் ஹப் விஷயத்தில் நான் எதுவும் சொல்ல முடியாது.) இன்றைக்கும் அந்த வண்டி எங்களிடம்தான் இருக்கிறது.

ஈரோட்டுத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்க வழி தேடாதீர்கள், எல்லோருக்கும் தேவையான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை உங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. பின்கதவு பீடிங் கேட்டீர்கள் இல்லையா, அது உங்களுக்கு மட்டும் இல்லை, மார்க் 3 வைத்திருக்கும் எல்லோருக்கும் பிரச்சனை. இருப்பது எல்லாம் காய்ந்து வெடித்துவிட்டது, மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்கி அடித்தகடு அரிக்கிறது. புதிதாக ரப்பர் எடுக்க வேண்டும் என்றால் அதன் வடிவத்துக்கு டை (அச்சு) வெட்ட வேண்டும், டை செலவு தனி, அதன்பிறகும் ஒரு வண்டிக்கு என்று யாரும் மெஷினை ஓட்ட மாட்டார்கள், இத்தனை மீட்டர் எடுத்தால்தான் என்பார்கள். முன்கண்ணாடி ரப்பருக்கு இப்படித்தான் ஒருவர் டை செலவை முழுவதும் தானே போட்டுவிட்டு, மற்றவர்களிடம் ரப்பர் விலையை மட்டும் வாங்கினார். அந்த டை இன்னமும் அங்கே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் ஓட்டிக்கொள்ளலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

பின்கதவுக்கு டை வெட்டும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் ஆள் இல்லை. கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரி பாடி. பஸ் ஜன்னலுக்கும் கதவுக்கும் விதவிதமான பீடிங் அங்கே சுருள் சுருளாக வருகிறது. அதில் ஏதாவது ஒன்று நம் அளவுக்கு ஒத்துவந்தால் டை செலவே மிச்சம். சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் யாரும் அதற்கென்று வந்து கடை கடையாக ஏற முடியவில்லை. உங்களுக்கு அது பக்கம்தானே? பழைய பீடிங்கில் கெடாத பகுதியாகப் பார்த்து விரல் நீளம் வெட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஒத்துவந்தால் ஒரு சுருள் வாங்கிவையுங்கள், பங்கு நான் பிரித்து வசூல் செய்து அனுப்புகிறேன். ஒத்துவராவிட்டாலும் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள், அடுத்தவருக்கு அந்த அலைச்சல் மிச்சம்.

———

ஈரோட்டுஹெரால்டு எழுதியது:

படிக்கப் படிக்கச் சங்கடம் குறைந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

அக்கா, கரூர் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மாமா ஒருவர் அங்கே பாடி பில்டிங் யூனிட்டில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு போனால் எல்லாக் கடையிலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். கோவை அண்ணா, புல்லருக்கு என் பெயரையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள், அதுவரை ஹப்பைத் தொட மாட்டேன். மலைக்கோட்டை சார், டெயில் லாம்ப் கண்ணாடி வலது பக்கம் மட்டும் விரிசல், இடது பக்கம் நன்றாக இருக்கிறது, ஆகவே ஒன்று போதும், இன்னொன்று வேறு யாருக்காவது பயன்படட்டும். டிங்கர் வேலைக்கு எங்கள் ஊரிலேயே பழைய கைக்காரர் ஒருவர் கிடைத்திருக்கிறார், கூலி நீங்கள் சொன்னபடி.

சென்னைப் பெரியவரிடம் நேற்று பேசினேன். ட்ரனியனில் ஆயில் ஏறி மேல் சீல் வழியாகக் கசிகிறதா என்று கேட்டார், கசிகிறது என்றேன், "அப்போ சரியாத்தான் போட்டிருக்கே" என்றார். அடுத்த மாதம் அவர் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

———

தாம்பரம்948 எழுதியது:

கரூர் போகும்போது கதவு பீடிங் துண்டு மட்டும் போதாது தம்பி. பின்கதவில் அசையாத சின்னக் கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் வேறு, அதிலும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் தடிமனை வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள், ரப்பரின் உள்பள்ளம் அதற்குத் தக்கபடி இருந்தால்தான் உட்காரும். கடையில் காட்டும்போது கையால் அமுக்கிப் பாருங்கள், பஸ்ஸுக்கு வருவது சில சமயம் ரொம்பக் கெட்டியாக இருக்கும், அதைப் போட்டால் கதவு சாத்தாது.